இரண்டாவது டிஸ்க்

வடக்குப்பட்டில் நான் குடியிருந்த அறையின் சொந்தக்காரி சின்னப்பொண்ணு அக்கா. கம்பெனிகள் வர ஆரம்பித்ததும் அந்த ஊரில் பலர் வீட்டை ஒட்டி ஷீட் கூரை போட்டு வரிசையாக அறைகள் கட்டி, என்னைப் போல் தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு அறை. 2003 ஆனி மாதத்தில் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து அதில் நுழைந்தேன். இரண்டரை வருஷம் இருந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனி. காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகப் பின்னி அனுப்பும் இடம். நான் லைனில் நின்று ஒயர் பின்னுவேன். அக்கா காண்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங். காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஒரே பஸ்ஸில் போய், மூன்றரை மணிக்கு ஒரே பஸ்ஸில் ஒரகடம் கூட்டு ரோட்டில் வந்து இறங்குவோம்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஒல்லி. தரையைப் பார்த்தே நடப்பாள். அது பயத்தில் வந்த பழக்கம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவள் தரையைப் படித்துக்கொண்டு நடக்கிறாள் என்று. ஒருநாள் லேடீஸ் டாய்லெட் வாசலைப் பார்த்துவிட்டு, "மெயின்டனன்ஸ் ஆளு ஒருத்தன் இது வரிக்கும் வந்து நின்னுட்டுப் போயிகிறான். ஆயில் கறை பாரு. எடது கால் பூட்சு குதிகால் தேஞ்சிகீது" என்றாள். பூட்ஸை வைத்தே மத்தியானத்துக்குள் அந்த ஆளைப் பிடித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் அவளைப் பாராட்டவில்லை. இதையெல்லாம் ஏன் பார்த்துக்கொண்டு நிற்கிறாய், மாப் போடு என்றார்.

அக்காவின் புருஷன் நடேசன். சொந்த நிலம் கம்பெனிக்குப் போனதும் ஒரு லோடு வேன் வாங்கி ஓட்டினார். 2001இல் அந்த வேன் படப்பைக்குப் பக்கத்தில் ஒரு வளைவில் கவிழ்ந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கையும் வாயும் மிச்சம். வாசலைப் பார்த்துப் போட்ட இரும்புக் கட்டிலில் இரண்டு வருஷமாகப் படுத்திருந்தார்.

அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் அக்காவை அடித்தவர் அவர். குடித்துவிட்டு அடித்தார் என்று சொல்ல முடியாது. அவர் குடிப்பதில்லை. நிதானமாக, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அடிப்பார் என்று பக்கத்து வீட்டு முனியம்மாள் சொன்னாள். அக்காவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது பாதி. அவளோடு பேச வேண்டுமென்றால் வலது பக்கம் போய் நிற்க வேண்டும்.

இருந்தும் அவரை அவள் பார்த்துக்கொண்ட விதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. வேலைக்குக் கிளம்புமுன் துடைத்து, துணி மாற்றி, சோறும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு வருவாள். வந்ததும் முதல் வேலை அவரைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுவது. பேசத்தான் மாட்டாள். விபத்துக்கு முன்பு "இன்னாங்க" என்றவள், அதற்குப் பிறகு "யோவ்" என்று மாறிவிட்டாள்.

அவர்களுக்கு ஒரே பெண், சுபஸ்ரீ. சிங்கப்பெருமாள் கோவிலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டில் டிவிடி வாங்கியதும், பழைய விசிடி பிளேயரை அப்பாவுக்கென்று கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்துவிட்டுப் போனாள். படுத்தபடியே டிஸ்க்கை மாற்றலாம். கூட்டு ரோட்டில் கோதண்டராமன் என்பவர் டிஸ்க் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். பஸ் இறங்கி வரும்போது அக்கா அங்கே ஒரு படம் எடுத்து வருவாள். அவள் உட்கார்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

ஒருநாள் ஒரு பக்திப் படத்தின் உறைக்குள் வேறு டிஸ்க் இருந்தது. போட்டதும் பனி. உறைந்துபோன ஏரி. கரையில் கறுப்புக் கோட்டு போட்ட நாலு பேர் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இன்னாடி இது, எல்லாம் வெள்ளக்காரன் மூஞ்சியா கீது. நிறுத்து" என்றார் நடேசன்.

அக்கா நிறுத்தவில்லை. கையில் சோற்றுத் தட்டோடு நின்றவள் நின்றபடியே இருந்தாள். சம்பளத் தேதியைக் கேட்கப் போன நானும் நின்றேன். எங்கள் இருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஒருத்தன் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறான். கேமரா அந்தக் கையுறையை ஒரு நொடி கூடுதலாகக் காட்டிவிட்டு நகர்கிறது. அக்கா தட்டைத் தரையில் வைத்துவிட்டு டிவிக்கு ஒரு முழ தூரத்தில் போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் யார் வந்தாலும், யார் அழுதாலும், அவள் கண் அந்த மேஜைமேலேயே இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்துக் கையுறை அங்கே இல்லை என்று முதலில் பார்த்தவள் அவள்தான். "போச்சு! யாரோ எட்த்துட்டான்!" என்று என் தொடையில் ஓங்கி அடித்தாள். அவள் குரலை நான் அவ்வளவு சத்தமாகக் கேட்டது அன்றுதான்.

மறுநாள் கோதண்டராமன் தப்பான டிஸ்க்குக்கு மன்னிப்புக் கேட்டார். "இத்தவே குடு. யார் கொன்னான்னு கடசீல தெரியும் பாரு, அந்த மாதிரி படம். பாஷ இன்னாவா இருந்தாலும் பரவால்ல" என்றாள் அக்கா. அவர் கடையின் மூலையில் யாரும் தொடாத வெளிநாட்டுப் படங்கள் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? லைனில் எட்டு மணி நேரம் மஞ்சள் ஒயர், பச்சை ஒயர், மஞ்சள் ஒயர் என்று நின்றுவிட்டு வருகிற எனக்கு, ஒரு மனிதன் கதவைத் திறப்பதற்கே அர்த்தம் இருக்கிற உலகம் அது. ஒன்றும் வீணாகப் போகாது. ஒருத்தி தலைமுடியை ஒதுக்கினால் அதற்குக் காரணம் இருக்கும். முதல் காட்சியில் ஒரு கடிகாரம் ஐந்து நிமிஷம் பின்தங்கி ஓடினால், அந்த ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு பிணம் விழும். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும்; சில படங்களில் கீழே இங்கிலீஷ் எழுத்தும் ஓடும். பேசுவதைச் சொல்ல வாயெடுத்தால் அக்கா தடுத்துவிடுவாள். "அத்த வுடு. அவன் எது வோணா சொல்லுவான். காலப் பாரு, எங்க திரும்பிகினு நிக்கறான் பாரு."

பெயர்கள் அவளே வைத்தாள். மூக்கன், துரை, சீக்காளி, பூனைக்கண்ணி. ஒரு படத்துக்கு இரண்டு டிஸ்க். முதல் டிஸ்க்கை ஒருநாள் பார்ப்பாள். இரண்டாவதை அன்றைக்கே போட மாட்டாள். மறுநாள் சாயங்காலம்தான். நடுவில் இருக்கும் இருபத்திநாலு மணி நேரம்தான் அவளுக்கு முக்கியம். கம்பெனியில் மாப்பைத் தள்ளிக்கொண்டே என் லைனுக்கு வருவாள். "லட்சுமி, மூக்கன் வலது கைக்காரன் தான? அப்புறம் ஏன் எடது கையால கதவத் தொறந்தான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மாப்போடு போய்விடுவாள். நான் யோசித்து யோசித்து ஒருநாள் பச்சைக்குப் பதிலாக நீலத்தைச் சொருகி மெமோ வாங்கினேன்.

முப்பது படத்துக்கு மேல் பார்த்திருப்போம். முக்கால்வாசிப் படத்தில் இரண்டாவது டிஸ்க் பாதி ஓடுவதற்குள் ஆளைப் பிடித்துவிடுவாள். தப்பாகப் போனால் இன்னும் சந்தோஷம். ஏமாற்றிவிட்டான், ஏமாற்றிவிட்டான் என்று சிரிப்பாள்.

இதைக் கட்டிலிலிருந்து நடேசன் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை. முதல் டிஸ்க்கை முந்தின நாள் பார்த்திருந்தோம். அக்கா ஆசையோடு வந்து, அவரைப் புரட்டி, மருந்து போட்டு, கை கழுவிவிட்டு இரண்டாவது டிஸ்க்கை எடுத்தாள்.

"பூனக்கண்ணி தான்" என்றார் நடேசன்.

அக்கா திரும்பினாள்.

"காலீலயே போட்டுப் பாத்துட்டேன். பூனக்கண்ணி தான் வெசம் வெச்சா. மாத்தரக் குப்பில. துரை அவளோட அண்ணன். தெரியுமா உனுக்கு?"

அவர் முகம் மலர்ந்திருந்தது. நான் வந்த நாளிலிருந்து அப்படியொரு சிரிப்பை நான் அந்த முகத்தில் பார்த்ததில்லை. அக்கா டிஸ்க்கைப் போட்டுக் கடைசிவரை பார்த்தாள். பூனைக்கண்ணிதான். எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். அழுதாளா என்று தெரியவில்லை. நெடுநேரம் ஒரே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த ஆறு படத்துக்கும் அவர் அதையே செய்தார். காலையில் அவள் பஸ் ஏறியதும் இரண்டாவது டிஸ்க்கைப் போட்டுப் பார்த்துவிடுவார். உடனே சொல்லவும் மாட்டார். அவள் உட்கார்ந்து, படம் சூடுபிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொல்வார். காது கேட்காதவளுக்குக் கேட்க வேண்டுமே என்று கத்தியே சொல்வார். பிறகு அதையும் மாற்றினார். பொய்யான பெயரைச் சொன்னார். அது பொய் என்று தெரிந்த பிறகு அடுத்த படத்தில் உண்மையைச் சொன்னார். எது உண்மை, எது பொய் என்று தெரியாமல் அக்காவுக்குப் படமே குழம்பியது. நான் கோபப்பட்டுக் கேட்டேன்.

"ஏன் அண்ணாச்சி இப்படிச் செய்தீய? அக்காளுக்கு வேற என்ன இருக்கு?"

"எனுக்கு இன்னா கீது?" என்றார் அவர்.

அதற்குப் பிறகு வந்த படத்திலிருந்து அக்கா இரண்டாவது டிஸ்க்கைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வேலைக்குக் கொண்டுவர ஆரம்பித்தாள். அதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அந்த முதல் நாள் நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் நடேசன் கேட்டார். "சீக்காளி இன்னா ஆனான்? அந்த ஜன்னல் வழியா எறங்கினது யாரு?"

அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் குரலில் கேலி இல்லை. காலையிலிருந்து இருட்டுகிற வரை ஒரே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் மனுஷன். மற்ற படங்களையெல்லாம் கெடுப்பதற்காகவே உன்னிப்பாகப் பார்த்து, பார்த்து, அவரும் மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஆள் யார் என்று தெரிந்தாக வேண்டும். அதை அக்கா தரையில் கறையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டாள்.

அன்றைக்கே ஒரு பழைய வாயில் புடவையை எடுத்தாள். ஜன்னல் கம்பிக்கும் எதிர்ச் சுவர் ஆணிக்கும் கயிறு கட்டி, கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவில் அதைத் தொங்கவிட்டாள். அதற்கு இந்தப் பக்கம் நாங்கள் உட்கார்ந்து இரண்டாவது டிஸ்க்கைப் பார்த்தோம். பாதிச் செவிடு என்பதால் சத்தத்தை எப்போதும்போலக் கூட்டித்தான் வைத்தாள். அழுகை, துப்பாக்கிச் சத்தம், இசை எல்லாம் அவருக்குக் கேட்கும். புடவையில் நிறம் மாறி மாறி விழுவது தெரியும். ஆள் தெரியாது.

"ஏய், இன்னாடி ஆச்சி? யாரு கத்தறா? ஏய்!"

படம் முடிந்ததும் புடவையை மடித்து வைத்தாள். மறுநாள் இரண்டு டிஸ்க்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

முதல் டிஸ்க்குக்குத் திரை கிடையாது. அதை அவருக்கு நன்றாகத் தெரியும்படி கட்டிலைக்கூட இழுத்துப் போடுவாள். தலைக்கு இன்னொரு தலையணை வைப்பாள்.

"மொத டிஸ்க்கையும் மறைச்சிட்டா அவருக்கு ஒண்ணும் தோணாதுலாக்கா?" என்று கேட்டேன்.

"அதான்" என்றாள் அக்கா.

ஏழு மாதம் இது நடந்தது. முடிவு தெரியாத படங்கள் அவருக்குள் சேர்ந்துகொண்டே போயின. கெஞ்சினார். சாப்பிட மாட்டேன் என்றார். "வோணாம்னா போ" என்று தட்டை எடுத்துவிட்டாள், மறுநாள் சாப்பிட்டார். ஒருநாள் அக்கா ரேஷன் கடைக்குப் போனபோது ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, நீயும் தானே பாத்த. அந்த ரயில் ஸ்டேசன் படம். அந்தக் கொழந்த அவனோடது தானா? அத்த ஒண்ணு மட்டும் சொல்லேன்." கண்ணெல்லாம் குழிவிழுந்து இருந்தது. "நான் தூங்கிட்டேன் அண்ணாச்சி, முடிவு பாக்கல" என்று சொல்லிவிட்டு வந்தேன். அக்காவுக்குப் பயந்து சொன்னேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுபஸ்ரீ வந்தபோது அவளிடமும் சொல்லி அழுதார். அவள் கோபத்தோடு கூட்டு ரோட்டுக்குப் போனாள். படத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. ரயில் ஸ்டேஷன் படம், சீக்காளி படம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறாள். கோதண்டராமனுக்குப் புரிந்திருக்கும். ஆனால் "உங்க அம்மா வந்தா தான் குடுக்கணும்னு சொல்லிகிறாங்க, எனக்கு எதுக்கும்மா வம்பு" என்று அனுப்பிவிட்டார். திரும்பி வந்தவள் அம்மாவின் வலது பக்கம் போய் நின்று, "இன்னாம்மா நீ, மனுஷி தானா?" என்றாள். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "உங்கப்பனுக்கு நான் சோறு போடலியா? பீ அள்ளலியா? இன்னா கொற?" என்றாள். சுபஸ்ரீயால் குறை எதையும் சொல்ல முடியவில்லை. படம் காட்டவில்லை என்பதை ஒரு குறையாக யாரிடம் போய்ச் சொல்வது?

2005 மாசி மாதம் அந்தக் கோட்டுப் படம் வந்தது. நாங்கள் பார்த்த எல்லாவற்றிலும் அதுதான் பெரிது. குளிர் நாடு ஒன்றில் பெரிய நாடகக் கொட்டகை. உள்ளே வருகிறவர்கள் வாசலில் கோட்டைக் கழற்றி ஒரு கிழவியிடம் கொடுத்துப் பித்தளை டோக்கன் வாங்கிக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு கோட்டு மிஞ்சுகிறது. அதன் சொந்தக்காரன் மேல்மாடத்தில் செத்துக் கிடக்கிறான், இன்னொருத்தன் கோட்டைப் போட்டுக்கொண்டு. படம் அதே இரண்டு மணி நேரத்தை ஐந்து பேரின் பின்னால் போய் ஐந்து முறை காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு கோட்டு இடம் மாறியிருக்கும். விசாரிக்க வருகிறவள் கால் தாங்கி நடக்கிற குண்டுப் பொம்பளை.

முதல் டிஸ்க் ஓடியபோது மூன்று பேரும் மூச்சுவிடவில்லை. முடிந்ததும் அக்கா தன்னை மறந்து கட்டில் பக்கம் திரும்பி, "பொட்டிக்காரன் தான்யா" என்றாள். வயலின் பெட்டியோடு வருகிற ஒருத்தனுக்கு அவள் வைத்த பெயர் அது. "அவன் பூட்சுல மட்டும் ஈரம் பாத்தியா? எல்லாரும் எப்பவோ உள்ள வந்துட்டாங்க, இவன் பூட்சுல மட்டும் புது பனி."

"தே, அது இல்ல" என்றார் நடேசன். "பழுப்புக் கோட்டு. மூணாவது பட்டன். மொத தபா காட்டும்போது கறுப்பு நூலு. பொட்டிக்காரன் கத வரும்போது பழுப்பு நூலு. யாரோ பிச்சித் திரும்பத் தெச்சிகிறாங்க."

அக்கா டிஸ்க்கைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். நூல் மாறியிருந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

"அய்ய, ஆமா" என்றாள். சிரித்தாள். அவரும் சிரித்தார். அரை மணி நேரம் இருவரும் கோட்டுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டு, இல்லைய்யா, இருடி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. நான் டீ போட்டு எடுத்துவந்து வைத்தேன்.

"அப்போ நூலும் ஊசியும் யார் கையில கீது? அந்தக் கோட்டு வாங்கற கெழவி தான்" என்றார் நடேசன்.

"சும்மா இரு. பாவம் அது. நாள் பூரா நின்னுகினு கீது. யாரு இன்னா குடுத்தாலும் வாங்கி மாட்டுது."

"அதான்டி. அவளப் போய் யாரு பாப்பா? வேலக்காரிங்க தான் செய்வாளுங்க. கூடவே இருந்து, ஒண்ணுந் தெரியாத மாதிரி."

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை அவருக்குக் காய்ச்சல். புண் சீழ் வைத்திருந்தது. அக்கா மாத்திரை கொடுத்துவிட்டு, இரண்டாவது டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். அன்று என் லைன் பக்கம் அவள் வரவில்லை. சாயங்காலம் வந்து தொட்டுப் பார்த்தபோது உடம்பு கொதித்தது. துடைத்துவிட்டாள். கஞ்சி கொடுத்தாள். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேன் சொல்லிவிட்டு வந்தாள். அப்புறம் புடவையை எடுத்தாள்.

"சின்னப்பொண்ணு" என்றார் நடேசன். பெயர் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இன்னிக்கி அத்தக் கட்டாத."

அவள் கயிற்றை ஆணியில் மாட்டினாள்.

"நான் அடிச்சது தப்பு தான். காதுல அடிச்சது தப்பு. நீ மாசமா இருந்தப்போ ஒதச்சது, அது... எல்லாமே தப்பு தான்."

அக்காவின் கை நின்றது. சுபஸ்ரீக்கு அப்புறம் ஒரு குழந்தை வயிற்றிலேயே போனது என்று முனியம்மாள் சொல்லியிருந்தாள். எப்படிப் போனது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். என்னவோ, போகவில்லை.

"இத்தினி வருசம் சொல்லல. இப்போ ஏன் சொல்ற?" என்றாள் அக்கா. "படம் பாக்கணும்னா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். காய்ச்சலோ, களைப்போ, அல்லது அவளிடம் இனிமேல் பொய் எடுபடாது என்று தெரிந்ததோ. "ஆமா" என்றார்.

அக்கா முடிச்சைப் போட்டாள்.

இரண்டாவது டிஸ்க்கைப் பார்த்தோம். அப்படி ஒரு படத்தை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை. ஐந்து கதையும் கடைசி இருபது நிமிஷத்தில் ஒரு பூட்டுக்குள் ஐந்து சாவி போல் இறங்கின. குண்டுப் பொம்பளை ஒவ்வொரு கோட்டாக எடுத்து மேஜைமேல் விரிக்கிறாள். பழுப்புக் கோட்டின் மூன்றாவது பட்டனைக் கத்தரிக்கிறாள். அதன் நூலைக் கிழவியின் ஏப்ரனில் குத்தியிருந்த ஊசியோடு சேர்த்துப் பிடிக்கிறாள். கிழவி அழவில்லை. இருபது வருஷமாக, மேல்மாடத்தில் செத்துக் கிடந்த அந்த மனுஷன் ஒவ்வொரு வாரமும் கோட்டைக் கழற்றி அவள் முகத்தைப் பார்க்காமலே கொடுத்திருக்கிறான். செத்துப்போன தன் மகளின் புருஷன்தான் அவன் என்று அவளுக்கு மட்டும் தெரியும். திரைக்கு அப்பால், "இன்னா? யாரு? சத்தமே காணோமே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார் நடேசன்.

அக்கா டிவியை அணைத்தாள். புடவையை விலக்கிக்கொண்டு கட்டில் பக்கம் போனாள்.

"கெழவி தானே? நூலு தானே?"

"இல்ல" என்றாள் அக்கா. "பொட்டிக்காரன்."

"அப்போ நூலு?"

"நூலு ஒண்ணுமில்ல. படம் எடுத்தவன் தப்பு பண்ணிகிறான்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நெசமாவா தங்கச்சி?"

"ஆமா அண்ணாச்சி. பொட்டிக்காரன்தான்" என்றேன்.

யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. பயந்தும் சொல்லவில்லை. அந்தச் சொல் வாயிலிருந்து வரும்போது இனிப்பாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதுவரை நான் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

மறுநாள் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது சுபஸ்ரீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நடேசன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கையைப் பிடித்தார். "பொட்டிக்காரன் எப்டி மேல போனான்? படிக்கட்டுல தான் ஆள் நின்னுகினு இருந்தானே. நான் கூட்டிக் கூட்டிப் பாக்கறேன், வரல. நூலு எதுக்குக் காட்டணும் அப்போ?" உதடு வெடித்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரர், இவர் நேற்றிலிருந்து என்னிடமும் இதையே கேட்கிறார் என்றார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நர்ஸ் வந்து விசிட்டர் எல்லாம் வெளியே போங்கள் என்றாள். ஒரு நிமிஷம் என்று கேட்டிருந்தால் நின்றிருப்பாள். நான் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு இறந்துபோனார்.

காரியம் முடிந்த அன்று முனியம்மாள் புடவைத் திரையைப் பற்றிச் சுபஸ்ரீயிடம் சொல்லிவிட்டாள். படம் காட்டாததுதான் அதுவரை சுபஸ்ரீக்குத் தெரியும். திரை கட்டியதும், சத்தத்தை மட்டும் விட்டுவைத்ததும் தெரியாது. அவள் நேராக என்னிடம் வந்தாள். "நீயும் கூட ஒக்காந்து பாத்துகினு இருந்தியா?" நான் தலையைக் குனிந்தேன். பிறகு அம்மாவிடம் போனாள்.

"அப்பா அடிச்சாரு. எனுக்குத் தெரியாதா? நானும் தான் வாங்கிகிறேன். அதுக்கு இதாம்மா?"

"எதுக்கு எதுன்னு நீ சொல்லு" என்றாள் அக்கா. "நான் கேட்டுக்கறேன்."

சுபஸ்ரீ அன்றே கிளம்பிவிட்டாள். அக்கா மறுநாள் ஷிப்டுக்கு வந்தாள். அதற்கடுத்த வாரம் கோதண்டராமன் கடையில் இறங்கி ஒரு படம் எடுத்தாள். என்னைக் கூப்பிட்டாள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். சுவர் வழியாகப் படத்தின் சத்தம் கேட்டது. இரண்டு டிஸ்க்கையும் ஒரே மூச்சில் பார்த்தாள். நடுவில் அவள் கைதட்டுவதும் கேட்டது. அந்த வருஷக் கடைசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனேன்.

2006 ஆடி மாதம் பி.எஃப். பணத்துக்குக் கையெழுத்துப் போட வந்தபோது, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிர் சீட்டில் சின்னப்பொண்ணு அக்கா. இன்னும் ஒல்லியாகியிருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. நான் இடம் மாறி அவள் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"சுபாவுக்குக் கொழந்த பொறந்து மூணு மாசம் ஆவுது. ஆம்பளப் புள்ள" என்றாள். "சொக்கா எட்த்துகினு போனேன். கதவத் தொறக்கல."

"உள்ளதான் இருந்தாளாக்கா?"

"உள்ள தான் இருந்தா. வாசல்ல அவ செருப்பு கெடந்துது. ஈரக் காலோட உள்ள போன தடம் காயக்கூட இல்ல." பையிலிருந்து சின்னச் சட்டையை எடுத்துக் காட்டினாள். வெள்ளையில் நீலப் பூ. "கொழந்த அழுவற சத்தம் கேட்டுது. எனுக்கே கேட்டுதுன்னா பாத்துக்கோ, எவ்ளோ கிட்ட இருந்துகீது."

நான் சட்டையை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"இனிமே போவீயளா?"

"வர்ற ஞாயித்துக்கெழம போவேன். அதுக்கடுத்த ஞாயித்துக்கெழமயும் போவேன்" என்றாள். வடக்குப்பட்டு நிறுத்தம் வந்தது. டிரைவரைத் தட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.